இருமல் இல்லாத காசநோய்

சாப்பிட்ட சற்று நேரத்தில் வயிற்றுக்குள் பந்து போல் ஏதோ திரண்டு உருளும். கடமுடவெனச் சத்தம் கேட்கும். பிறகு அது கரைந்து, வலியும் அடங்கிவிடும். 'வாயு' என்று ஓமத் தண்ணீர் குடித்தே மாதங்கள் ஓடும். அதற்குள் சட்டை தொளதொளத்துப் போயிருக்கும். சாயங்காலமானால் உடம்பு கணகணக்கும்.

குடல் காசநோய் பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. இருமல் இருக்காது. நெஞ்சு எக்ஸ்ரேயும் பலருக்குச் சுத்தமாகவே இருக்கும்.

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில்தான் காசநோய்க் கிருமி அதிகம் குடியேறுகிறது. உணவு அங்கே தேங்கும். நிணநீர்த் திசுவும் அங்கே மிகுதி. புண் தழும்பேறிக் குடல் சுருங்குகிறது. அந்த இடுக்கில் உணவு முட்டும்போது திரள்வதுதான் அந்தப் 'பந்து'.

கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கிரோன் என்ற குடல் அழற்சி நோயும் அதே இடத்தில், அதே போன்ற புண்களோடு வரும். காசநோய்ப் புண் குறுக்காகவும் கிரோன் புண் நெடுக்காகவும் இருப்பது வழக்கம். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. இங்கே தவறினால் ஆபத்து. கிரோனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை அடக்கி, காசநோய் பரவ வழிவிட்டுவிடும்.

குழாய் விட்டுக் குடலின் உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் கிள்ளி எடுக்கும் சதைத்துணுக்குகளே முக்கியச் சாட்சி. அரிசிமணி அளவுகூட இருக்காது. அத்தனையையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்ய முடியாது. நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு ஃபார்மலின் குப்பி, கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனைக்கும் சலைன் குப்பி என்று இரண்டாகப் பிரித்து அனுப்ப வேண்டும். இதில் கவனம் தப்பவே கூடாது. கல்ச்சர் முடிவுக்கு 6 வாரம்கூட ஆகலாம். எதிலும் கிருமி சிக்காவிட்டால், காசநோய் மருந்தைத் தொடங்கி 2, 3 மாதம் கழித்து மீண்டும் கொலனோஸ்கோப்பி செய்வதுண்டு. காசநோய்தான் என்று உறுதியாக, வலி குறைந்தது மட்டும் போதாது. புண் ஆறியிருக்க வேண்டும்.

சிகிச்சையில் சென்னைக்கே ஒரு பங்கு உண்டு. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் 193 பேரிடம் நடத்தி 1997-ல் வெளியிட்ட ஆய்வு, ரிஃபாம்பிசின் சேர்ந்த 6 மாத மருந்தே போதும், ஓராண்டு தேவையில்லை என்று காட்டியது. இன்று முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 3 மருந்துகள். குடல் மிகவும் சுருங்கியிருந்தால் சிலருக்கு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ, வாந்தி விடாமல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். பசி திரும்பி எடை ஏறிவிட்டதே என்று மட்டும் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.