இரண்டு மலையாளிகள்

மலையாளி என்றதும் ஓணமும் புட்டும் கடலையும்தானே நினைவுக்கு வரும்? கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் சந்தையில் பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு விலை பேசும் மலையாளிக்கும் கேரளத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேசுவது தமிழ். கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலைகளில் வாழும் பழங்குடியினர் இவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சம் பேருக்கு மேல். தமிழகப் பழங்குடிகளில் பெரிய கூட்டமே இதுதான்.

காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளுக்கு இன்றும் 'நாடு' என்றே பெயர்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு. சரிவை வெட்டிப் படியாக்கி, சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்கள். இப்போது சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறுகிறது.

ஒரு வேடிக்கை, இல்லை, வேதனை. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களின் பெயரும் உண்டு. அதில் சேலம் இருக்கிறது, ஈரோடு இல்லை. அதனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் சாதிச் சான்றிதழுக்காக நெடுங்காலமாக மனு கொடுத்து வருகிறார்கள்.