அடிமரம் போனாலும் ஆல் நிற்கும்

காரைக்கால் பக்கத்து வயல்களில் சில பனைகளை நிமிர்ந்து பார்த்தால் மட்டை இடுக்கில் ஓர் ஆலங்கன்று துளிர்த்திருக்கும். மைனாவோ குயிலோ எச்சமிட்ட விதை. இடுக்கில் சேர்ந்த தூசியும் மழைநீருமே அதற்குப் போதும். வேர்கள் பனையைத் தழுவியபடி கீழே இறங்கி, மண்ணைத் தொட்டதும் வேகமாகப் பருக்கும். பல ஆண்டுகள் கழித்து, ஆலின் நடுவிலிருந்து பனையின் தலை மட்டும் எட்டிப்பார்க்கும்.

சென்னை அடையாற்றில் பிரம்ம ஞான சபை வளாகத்தில் நிற்கும் ஆலுக்கு வயது சுமார் 450 என்று மதிப்பிடுகிறார்கள். சபை 1882இல் அடையாற்றுக்கு வந்தது. ஆல் நிற்கும் தோட்டம் 1908இல் அதன் வசமானது. அன்னி பெசன்ட்டும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அதன் நிழலில் உரையாற்றியிருக்கிறார்கள். 1989இல் ஒரு புயற்காற்றில் அடிமரம் சாய்ந்தது.

மரம் சாகவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தென்னைக்கு ஒரே தண்டு, ஒரே குருத்து, முறிந்தால் முடிந்தது. ஆலுக்கு விழுது உண்டு. கிளையிலிருந்து தொங்கும்வரை அது காற்றில் ஆடும் மெல்லிய வேர்தான். தரையில் ஊன்றிவிட்டால் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி நேரே கிளைக்கு அனுப்பும். கிளையின் பாரத்தையும் தாங்கும். வருடம் ஏற ஏறத் தூணாகத் தடிக்கும். அதன்பின் அந்தக் கிளை அடிமரத்தை நம்பி இல்லை. ஹவுரா தாவரவியல் தோட்டத்துப் பேராலும் இதற்குச் சாட்சி. 1864, 1867 புயல்களில் அடிபட்டுப் பூஞ்சை பிடித்த அதன் அடிமரத்தை 1925இல் அகற்றினார்கள். விழுதுகளை ஊன்றி மரம் இன்றும் பரவுகிறது.

குளிர்நாட்டு யூ மரத்துக்கு விழுது கிடையாது. ஆனாலும் அது ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது: தாழ்ந்த கிளை மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுத்தண்டாக எழும்புகிறது. ஸ்காட்லாந்தில் ஆர்மிஸ்டன் எஸ்டேட்டில் இப்படி வட்டமாகப் பரவிய பழைய யூ ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ் அதனடியில் பிரசங்கித்தார் என்பது அவ்வூர் வழக்கு.

நம் சாலையோரங்களில் பஸ்ஸுக்கு இடிக்கிறது, லாரிக்கு இடிக்கிறது என்று விழுதுகளை வெட்டிவிடுகிறோம். கிளை மட்டும் நீண்டு, முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல் அடுத்த காற்றில் பிளந்து விழுகிறது. பிறகு மரத்தையே ஆபத்து என்கிறோம். இது அநியாயம். போக்குவரத்துக்குக் குறுக்கே வராத விழுதுகளையாவது விட்டுவைக்கலாம். கணு நீக்கிய மூங்கிலுக்குள் இளம் விழுதை நுழைத்து, உள்ளே மண் நிரப்பி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், வேண்டிய இடத்திலேயே அதை ஊன்றச் செய்யலாம்.