கரிசல் வெயிலில் புழு வளர்ப்பு

சித்திரையில் நாகலாபுரம் பக்கம் கரிசல் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் மேலே நெளிந்த மண்புழுக்கள் அப்போது எங்கே போகின்றன? ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. சில இனங்கள் உருண்டையாகச் சுருண்டு, அடுத்த மழைவரை அசையாமல் கிடக்கும். நுரையீரல் கிடையாது, மூச்சு தோல் வழியாகத்தான். தோல் காய்ந்தால் மூச்சும் போச்சு.

அடுக்களைக் கழிவுக்குப் புழுத்தொட்டி வைப்பவர் இதை மறக்கக் கூடாது. தொட்டிக்குள் இறங்கித் தப்பிக்க ஆழம் இல்லை. உரத்துக்கு அதிகம் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க இனமான யூட்ரிலஸ், வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தவித்துப் போகும். அதனால் இந்த ஊருக்குப் பிளாஸ்டிக் வாளியைவிட மண்தொட்டிதான் சரி என்பேன். சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் கொண்டுபோகும். குடிதண்ணீர்ப் பானை குளிர்வதும் இப்படித்தான். வேப்பமர நிழலும் மேலே நனைத்த சாக்கும் கட்டாயம்.

வயலில் தோண்டிய புழுவைப் போட்டால் ஆகாதா? பெரும்பாலும் ஆகாது. அவை மண்ணுக்குள் வாழப் பழகியவை. இங்கே வேண்டியது மக்கும் குப்பையிலேயே குடியிருக்கும் இனம்: யூட்ரிலஸ், ஐசீனியா, நம் நாட்டுப் பெரியோனிக்ஸ்.

தொட்டியின் அடியில் துளையிட்டு, தேங்காய் நார் பரப்பி, அதன்மேல் பாதி மக்கிய சாணம். பச்சைச் சாணம் சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும். கரிசல் மண்ணைக் கொட்டி நிரப்பாதீர்கள். நனைந்தால் களியாக அப்பிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். ஒரு கைப்பிடி மணல் மட்டும் போதும்.

மணல் எதற்கு? புழுவுக்குப் பல் இல்லை. விழுங்கிய மணல்துகளை வைத்துத்தான் அதன் அரைவைப்பை இரையை அரைக்கிறது. வெங்காயச் சருகையோ வாழைப்பழத் தோலையோ அது கடித்துத் தின்பதும் இல்லை. முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை இளக்க வேண்டும். இளகியதை அந்த நுண்ணுயிர்களோடு சேர்த்துப் புழு உறிஞ்சுகிறது. அவை வேலை செய்யும் வேகத்துக்குமேல் கழிவைக் கொட்டினால் நாறும். நாறினால் இரண்டு நாள் எதுவும் போடாமல், நறுக்கிய சோளத்தட்டையைக் கலந்து கிளறிவிடுங்கள். கருவாட்டுத் தலை, எண்ணெய், ஊறுகாய், எலுமிச்சைத் தோல் வேண்டாம். எறும்பு பெரிய எதிரி. தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றுங்கள்.

டார்வின் தன் வீட்டில் சட்டி மண்ணில் புழு வளர்த்து ஆராய்ந்தார். 1881இல் புத்தகமும் எழுதினார். பியானோ ஒலி அவற்றுக்குக் கேட்கவில்லை. ஆனால் சட்டியைப் பியானோமேலேயே வைத்து வாசித்தால், அதிர்வு தட்டி வளைக்குள் ஓடின. வெளிச்சமும் அவற்றுக்கு ஆகாது. இது அறுவடைக்கு உதவும். இரண்டு மாதத்தில் உரம் தேயிலைத்தூள்போல் ஆனதும் தரையில் கூம்பாகக் குவியுங்கள். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் அடிக்குப் போய்விடும், மேலிருந்து அள்ளிக்கொள்ளலாம்.