காண்டெஸாவுக்குப் பொருந்தும் ஷாஃப்ட்

கல்கத்தாவை அடுத்து ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் உள்ள உத்தரபாராவில், அம்பாஸடர் காரைத் தவிர வேறொன்றும் உற்பத்தியாகவில்லை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருந்தாலும், பி. எம். பிர்லா 1942-இல் ஸ்தாபித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அதே தொழிற்சாலையிலிருந்து 1984 முதல் 2002 வரை காண்டெஸா என்ற நீண்ட மூக்குக் காரையும் வெளியிட்டு வந்தது. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டரைத் தழுவிய அந்தக் கம்பீரமான தேகத்துக்கு, அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்சினையே முதலில் பூட்டியது கொஞ்சம் பரிதாபமான ஏற்பாடுதான். எண்பதுகளின் பிற்பகுதியில் இஸுஸுவின் 1817 சி.சி. எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்த பிறகே, அமெரிக்கர்களின் ‘மஸில் கார்’ என்ற பட்டத்தை நம் ரசிகர்கள் இதற்கு உரிமையோடு சூட்டினார்கள். எட்டு சிலிண்டர் அசுரர்களோடு ஒப்பிட்டால் அது சற்றுத் தாராளமான பட்டம்!

இன்று பழைய காண்டெஸாவை வாங்கி, அதில் இஸுஸு எஞ்சினைப் பூட்ட ஆசைப்படுகிறவர்கள், எஞ்சினும் கியர் பாக்ஸும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் முன்னே பிறக்கும் சக்தியைப் பின்சக்கரங்களுக்குச் சுமந்து செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற இரும்புக் குழாயை அவர்கள் நினைப்பதே இல்லை. கியர் பாக்ஸ் மாறினால் அதன் வால் முடியும் இடம் மாறும். வாலில் ஷாஃப்டைச் சொருகும் பல்வரியும் மாறக்கூடும். ஆகையால் பழைய ஷாஃப்ட் நீளம் மிஞ்சியோ குறைந்தோ நிற்கும்.

கல்கத்தாவின் பழைய கார் உதிரிச் சந்தையான மல்லிக் பஜாரில், ‘காண்டெஸா ஷாஃப்ட்’ என்று கேட்டு, கையில் கிடைத்ததை வாங்கிவந்தால் என்ன ஆகும்? நீளம் அதிகமானால், குழியில் சக்கரம் ஏறி இறங்கும்போது, வழுக்கி நகரவேண்டிய பல்வரி நகர இடமின்றி முட்டி, கியர் பாக்ஸின் பேரிங்கையும் ஆயில் சீலையும் நாசம் செய்யும். குறைவானால், பற்கள் நுனியில் மட்டும் கவ்வி, விரைவில் தேய்ந்து, கழன்று விழவும் கூடும். ஆகவே காரை ஜாக்கியில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு அளப்பது கூடாது. நான்கு சக்கரங்களும் தரையில் நின்று, வண்டியின் முழுப் பாரமும் ஸ்பிரிங்குகளின் மேல் இருக்கும்போது அளந்து, பல்வரி மேலும் உள்ளே போக உத்தேசமாக 25 மில்லிமீட்டர் இடம் விடவேண்டும்.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ‘கிராஸ்’ என்ற சிலுவை வடிவ மூட்டின் விஷயம் இன்னும் நுட்பமானது. கோணத்தில் சுழலும் ஒரே மூட்டு, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இரண்டாவது மூட்டு அதே கோணத்தில் நின்று அந்தக் குற்றத்தைச் சரிசெய்கிறது. இது நிகழ, குழாயின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் நிற்பது அவசியம். அதற்காகவே, இரு கவைகளுக்கும் இடையே ஷாஃப்டிலேயே பல்வரி இருந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் அதைப் பிரிக்கும் முன் இரு பாகங்களிலும் ஓர் உளிக்குறி இடுகிறார். குறி தவறி ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் வண்டி உறுமும். கிராஸின் நான்கு கிண்ணங்களுக்குள்ளும் ஊசி போன்ற உருளைகள் வரிசையாக நிற்கும். கிண்ணத்தின் ஓரத்தில் செங்கல் நிறத் தூள் தென்பட்டால் உள்ளே கிரீஸ் வறண்டுவிட்டது. புதிய கிராஸ் போடுவதே வழி.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 3,000 தடவைக்கு மேல் சுழல்வதால், குழாயை வெட்டி ஒட்டிய பின் ‘பாலன்ஸ்’ பார்க்காமல் பூட்டுவது அபாயம். குழாயில் ஆங்காங்கே ஒட்டியிருக்கும் சிறு இரும்புத் துண்டுகள் அந்தச் சமநிலைக்காக வைத்தவை. துரு என்று எண்ணி யாரும் சுரண்டிவிட வேண்டாம்.

உத்தரபாராவில் காண்டெஸா நின்றது 2002-இல். அம்பாஸடரும் 2014-இல் நின்றுவிட்டது. எனவே புதிய ஷாஃப்டுக்குத் தொழிற்சாலையை எதிர்பார்ப்பதில் பயனில்லை. லாரிகள் மிகுந்த ஊர்களில் உள்ள ஷாஃப்ட் பட்டறைகளே இன்று கதி. அங்கே போகும்போது காரின் பெயரைச் சொல்லாதீர்கள், தரையில் நின்ற காரில் நீங்களே எடுத்த அளவைக் கொடுங்கள்.