உலகமே துரத்திய டயானா: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

மொத்தமே 36 வருட வாழ்க்கை. அதில் உலகத்தின் கண் அவர்மேல் இருந்தது பதினாறே வருடம். ஆனாலும் இன்றைக்கும் டயானா என்று பெயரைச் சொன்னால் போதும், 'பாவம், அந்தப் பொண்ணு' என்று உச்சுக்கொட்டாதவர்கள் குறைவு!

கல்யாணம், கண்ணீர், பாரிஸ் சுரங்கப்பாதை. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். தன்னை விரட்டி விரட்டிப் படமெடுத்த கேமராக்களை அவர் யார் பக்கம் திருப்பிவிட்டார் என்பது தெரியுமா? நிஜமான ஆச்சரியம் அங்கேதான் இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

1. இரண்டு முறை ஃபெயில் ஆனவர் என்று தெரியுமா?

டயானா பிறந்தது 1961 ஜூலை 1-ம் தேதி, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில். பணக்காரக் குடும்பம், பெரிய வீடு, எல்லாம் இருந்தது. ஆனால் அவருக்கு எட்டு வயது ஆவதற்குள் அம்மாவும் அப்பாவும் விவாகரத்து செய்துகொண்டார்கள். படிப்பும் ஏறவில்லை. ஓ-லெவல் பரீட்சையை இரண்டு முறை எழுதியும் தேறவில்லை! ஆனால் அவர் படித்த அதே பள்ளிதான் தொண்டு செய்ததற்காக அவருக்குப் பரிசும் கொடுத்தது. பிறகு லண்டனுக்கு வந்து, அக்கா வீட்டைக் கூட்டித் துடைத்துச் சம்பளம் வாங்கினார். பிம்லிகோ பகுதியில் 'யங் இங்கிலாந்து' என்ற மழலையர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார்.

1980-ல் பிரிட்டன் அரியணை வாரிசான இளவரசர் சார்லஸின் தோழி என்று பேச்சு கிளம்பியதும் அந்தப் பள்ளி வாசலுக்கே கேமராக்கள் வந்துவிட்டன. ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்பி, ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொரு குழந்தையைக் கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்து அடித்த வெயிலில் மெல்லிய பாவாடை ஊடுருவித் தெரிய, அதுவே பத்திரிகைகளில் வந்தது. அப்போது அவருக்கு வயது 19. துரத்தல் அன்றைக்கே தொடங்கிவிட்டது!

2. அந்த மோதிரக் கல் இலங்கையில் இருந்து போனது தெரியுமா?

1981 பிப்ரவரி 24-ம் தேதி நிச்சயதார்த்தம் அறிவிக்கப்பட்டது. டயானா விரலில் மின்னியது 12 காரட் நீலக்கல், அதைச் சுற்றி 14 வைரங்கள். உலகமே வாய்பிளந்து பார்த்த அந்த நீலம் இலங்கை மண்ணில் விளைந்தது! அது அரச குடும்பத்துக்கென்று தனியாகச் செய்த நகையும் அல்ல. கரார்ட் நகைக்கடையின் பட்டியலில் இருந்தது. காசு இருந்தால் யாரும் வாங்கியிருக்கலாம். அதே மோதிரத்தைத்தான் 2010-ல் மூத்த மகன் வில்லியம் தன் வருங்கால மனைவி கேத்தரினுக்குப் போட்டார்.

3. மணமேடையில் மாப்பிள்ளை பெயரையே மாற்றிச் சொன்னது தெரியுமா?

1981 ஜூலை 29, லண்டன் செயின்ட் பால் தேவாலயம். உலகம் முழுக்க ஏறத்தாழ 75 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்ததாகக் கணக்கு. கவுனில் சுமார் 10,000 முத்துகள், பின்னால் புரண்டு வந்த துணி மட்டும் 25 அடி! அத்தனையையும் கண்ணாடிக் குதிரை வண்டிக்குள் திணித்ததில், இறங்கும்போது பட்டு முழுக்கக் கசங்கியிருந்தது. 'சார்லஸ் பிலிப் ஆர்தர் ஜார்ஜ்' என்று சொல்ல வேண்டியவர், பதற்றத்தில் 'பிலிப் சார்லஸ் ஆர்தர் ஜார்ஜ்' என்றார். மாப்பிள்ளையும் தன் பங்குக்கு உறுதிமொழியில் தடுமாறினார்! ஆனால் ஒரு விஷயம் தடுமாற்றத்தில் விட்டுப்போனது அல்ல. 'கணவனுக்குக் கீழ்ப்படிவேன்' என்ற பழைய வாசகம் அந்தத் திருமணத்தில் இல்லை. முன்கூட்டியே யோசித்து எடுத்துவிட்டார்கள். இருபது வயதுப் பெண்ணின் கல்யாணத்தில்!

4. வில்லியம் அரண்மனையில் பிறக்கவில்லை, தெரியுமா?

அரியணைக்கு நேர் வாரிசாக வரும் குழந்தை என்றால் பிரசவம் அரச மாளிகையில்தான் நடக்கும். 1982 ஜூன் 21-ல் அந்த வழக்கம் மாறியது. செயின்ட் மேரி மருத்துவமனையில் வில்லியம் பிறந்தார். அடுத்த வருடம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணம். கைக்குழந்தையை ஆயாக்களிடம் விட்டுவிட்டுப் போவதுதான் அரச குடும்பத்துப் பழக்கம். ஒன்பது மாதப் பிள்ளையைத் தன்னோடு தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார் டயானா!

5. நாட்டியக்காரி ஆக ஆசைப்பட்டவர் என்று தெரியுமா?

சின்ன வயதில் பாலே கற்றவர், உயரம்தான் இடித்தது. ஆசை மட்டும் போகவில்லை. 1985 நவம்பரில் வெள்ளை மாளிகை விருந்தில் ஹாலிவுட் நடிகர் ஜான் டிரவோல்டாவோடு ஆடிய படத்தை உலகமே பார்த்தது. மறுமாதமே இன்னொரு அதிசயம்! லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் கணவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, திடீரென்று மேடையேறி, நாட்டியக் கலைஞர் வேய்ன் ஸ்லீப்போடு ஆடினார். சார்லஸுக்கே முன்கூட்டித் தெரியாது!

6. வரலாற்றை மாற்றிய அந்தக் கைகுலுக்கல் தெரியுமா?

1987 ஏப்ரல் 9. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பிரிட்டனின் முதல் எய்ட்ஸ் சிறப்பு வார்டைத் திறந்து வைக்க வந்தார். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் நடுங்கிய காலம் அது. கேமராக்கள் காத்திருந்தன. கையுறை இல்லாத வெறுங்கையை நீட்டி நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார் டயானா!

அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். நோயாளியின் முதுகுதான் தெரியும், முகம் இருக்காது. முகம் தெரிந்தால் வெளியே தலைகாட்ட முடியாது என்ற பயம் அன்றைக்கு அப்படி இருந்தது. அதனால்தான் டயானாவின் கையும் அந்த மனிதரின் கையும் படத்தின் நடுவே நிற்கின்றன. டாக்டர்கள் எத்தனையோ முறை சொல்லியும் இறங்காத விஷயம், தொடுவதால் எய்ட்ஸ் பரவாது என்ற உண்மை, ஒரே படத்தில் உலகத்துக்கு விளங்கியது. 1989-ல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் எய்ட்ஸ் பாதித்த ஒரு குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டார்.

7. தொழுநோயாளிகளின் கட்டுகளைத் தொட்டவர் என்று தெரியுமா?

1989 நவம்பரில் இந்தோனேசியாவின் சிதனாலா தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். போக வேண்டாம் என்று பலரும் பயமுறுத்தினார்கள். அவரோ படுக்கை படுக்கையாகப் போய் உட்கார்ந்து, கைகளைப் பிடித்து, கட்டுப் போட்ட புண்களின் மேலேயே கைவைத்துப் பேசினார். பிறகு தொழுநோய்ப் பணி அமைப்பான லெப்ரசி மிஷனின் புரவலரானார். 1993-ல் நேபாளத்தின் ஆனந்தவன் தொழுநோய் மருத்துவமனைக்கும் போய்வந்தார். தொழுநோய் அத்தனை எளிதில் தொற்றாது, கூட்டு மருந்து சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். இந்தச் செய்தியைத்தான் அவர் போன இடமெல்லாம் கைகளால் சொன்னார்.

8. தாஜ்மகால் படத்துக்கு நான்கு நாள் கழித்து எங்கே இருந்தார், தெரியுமா?

1992 பிப்ரவரி 11. தாஜ்மகால் முன் பளிங்கு பெஞ்சில் தன்னந்தனியாக டயானா. காதல் சின்னத்தின் முன்னால் கணவர் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்தப் படம் ஆயிரம் வதந்திகளைக் கிளப்பியது. அதைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு 15-ம் தேதியின் கதை தெரியும்? அன்று அவர் கொல்கத்தாவில், அன்னை தெரசாவின் சபைச் சகோதரிகள் சாகும் தருவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் இருந்தார். அன்னை அப்போது உடல்நலமின்றி ரோமில் இருந்தார். விடுவாரா டயானா? அதே மாதம் ரோமுக்கே போய்ச் சந்தித்தார்!

அந்த வருட டிசம்பரில் சார்லஸும் டயானாவும் பிரிவதாகப் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

9. தன் கதையைத் தானே ரகசியமாகப் பதிவு செய்தது தெரியுமா?

1992-ல் ஆண்ட்ரூ மோர்ட்டன் எழுதிய டயானாவின் வாழ்க்கை வரலாறு உலகத்தை உலுக்கியது. யார் இவ்வளவும் சொன்னது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சொன்னவர் டயானாவேதான்! கேள்விகளை ஒரு நண்பர் அரண்மனைக்குள் கொண்டுபோக, டேப்பில் பேசிப் பதிவு செய்து கொடுத்தார். இது வெளியே வந்தது அவர் மறைவுக்குப் பிறகுதான்.

கண்டபடி சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா நோயோடு வருடக்கணக்கில் போராடியதை அவர் மறைக்கவில்லை. 1995 நவம்பர் 20-ல் பிபிசி 'பனோரமா' பேட்டியில் 2 கோடிக்கும் அதிகமான பிரிட்டிஷ் மக்கள் முன்னால் அதைத் தன் வாயாலேயே சொன்னார். வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்த எத்தனையோ பெண்கள் அதன் பிறகு துணிந்து டாக்டரிடம் போனார்கள். பேட்டியின் பின்கதை மட்டும் கசப்பானது. போலி வங்கி ஆவணங்களைக் காட்டி அந்தப் பேட்டி பெறப்பட்டது என்று 2021-ல் முன்னாள் நீதிபதி டைசனின் விசாரணை உறுதி செய்தது. பிபிசி மன்னிப்புக் கேட்டது.

10. பையன் சொன்ன யோசனையில் 79 உடைகள் ஏலம் போனது தெரியுமா?

1996 ஆகஸ்ட் 28-ல் விவாகரத்து. 'ஹெர் ராயல் ஹைனஸ்' என்ற பட்டமும் போனது. பீரோவில் தொங்கும் இந்த உடைகளை எல்லாம் நல்ல காரியத்துக்கு விற்றுவிடலாமே என்றார் மகன் வில்லியம். 1997 ஜூன் 25, நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலம். 79 உடைகள், 32.5 லட்சம் டாலர்! டிரவோல்டாவோடு ஆடியபோது உடுத்திய கருநீல வெல்வெட் கவுன் மட்டும் 2,22,500 டாலருக்குப் போனது. பணம் புற்றுநோய், எய்ட்ஸ் பணிகளுக்குச் சென்றது.

11. கண்ணிவெடி வயலில் நடந்தவர் என்று தெரியுமா?

1997 ஜனவரி 15, அங்கோலாவின் உவாம்போ. வெள்ளைச் சட்டை, மேலே கனத்த காப்புக் கவசம், முகத்தில் கண்ணாடித் திரை. இரண்டு பக்கமும் மண்டையோடு வரைந்த சிவப்பு எச்சரிக்கைப் பலகைகள். நடுவே வெடி அகற்றிய ஒற்றையடிப் பாதையில் டயானா நடந்தார்! சொந்த நாட்டில் ஓர் அமைச்சர் அவரைக் குறைகூறினார். தான் அரசியல் பேச வரவில்லை என்று சொல்லிவிட்டு, கால் இழந்த குழந்தைகளிடம் போய் உட்கார்ந்தார். ஆகஸ்டில் போஸ்னியாவுக்கும் போனார்.

அவர் மறைந்து மூன்றே மாதம். 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் ஆள்கொல்லிக் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் 122 நாடுகள் கையெழுத்திட்டன! பல வருடங்களாக அதற்காகப் போராடிய இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் அந்த ஆண்டின் அமைதி நோபல் கிடைத்தது. உழைப்பு அவர்களுடையது, உலகத்தின் பார்வையை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தவர் டயானா. 2019-ல் இளைய மகன் ஹாரி அதே உவாம்போவுக்குப் போனபோது, அம்மா நடந்த வெடிநிலம் கடையும் வீடுமாக ஒரு தெருவாகவே மாறியிருந்தது!

அன்று டயானாவை அழைத்துப்போன, கண்ணிவெடி அகற்றும் அமைப்பான ஹாலோ டிரஸ்ட்தான் 2002 முதல் இலங்கையின் வடக்கிலும் வெடி அகற்றுகிறது. அங்கே முகமாலை மண்ணில் அதே மாதிரிக் கவசமும் கண்ணாடித் திரையும் அணிந்து, மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் ஏராளம். போரில் குடும்பத்தை இழந்தவர்கள் அவர்களில் பலர். இலங்கை 2017-ல் அந்தக் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

12. அரண்மனைக் கொடியின் வழக்கமே மாறியது தெரியுமா?

1997 ஆகஸ்ட் 31, பாரிஸ். படமெடுக்க மோட்டார் சைக்கிள்கள் துரத்த, கார் சுரங்கப்பாதைத் தூணில் மோதியது. டயானா, அவருடைய நண்பர் டோடி ஃபயத், டிரைவர் மூவரும் இறந்தார்கள். குடித்திருந்த டிரைவரும் பின்தொடர்ந்த வண்டிகளும் படு அலட்சியமாக ஓட்டியதே காரணம் என்று 2008-ல் பிரிட்டிஷ் ஜூரி தீர்ப்பளித்தது.

பக்கிங்ஹாம் அரண்மனையில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடும் வழக்கமே கிடையாது. மக்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 6, இறுதிச் சடங்கு அன்று, முதன்முறையாக அங்கே பிரிட்டன் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது! எல்டன் ஜான் மாற்றிப் பாடிய அஞ்சலிப் பாட்டு 3.3 கோடிப் பிரதிகள் விற்று, வருமானம் டயானா நினைவு நிதிக்குப் போனது. இறுதிச் சடங்குக்கு முந்தைய நாள், செப்டம்பர் 5-ல், அன்னை தெரசாவும் கண்மூடினார். இருவரும் ஜூன் மாதம்தான் நியூயார்க்கில் கைகோத்து நடந்திருந்தார்கள்.

13. இன்றைக்கும் அவர் பெயரில் என்னென்ன நடக்கிறது, தெரியுமா?

லண்டன் ஹைட் பார்க்கில் 545 கருங்கல் துண்டுகளால் ஆன நீரூற்று இருக்கிறது. குழந்தைகள் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். வீடில்லாத இளைஞர்களுக்கான சென்டர்பாயின்ட் அமைப்புக்குச் சின்ன வயதில் அம்மாவோடு போன வில்லியம், 2005 முதல் அதன் புரவலர். 2009-ல் ஓர் இரவு டிசம்பர்க் குளிரில் லண்டன் தெருவிலேயே படுத்தார். 1999-ல் தொடங்கிய டயானா விருது, சமூகத்துக்கு உழைக்கும் 9 முதல் 25 வயது வரையிலான பிள்ளைகளைத் தேடிக் கௌரவிக்கிறது.

கவனித்தீர்களா? இத்தனை காரியத்திலும் அவர் பயன்படுத்தியது இரண்டே இரண்டு: தன்னை விடாத கேமரா, தன்னுடைய வெறுங்கை. முதலாவது நமக்கு வாய்க்காது. இரண்டாவது எல்லோருக்கும் உண்டு. நோய் வந்தவரைக் கண்டு நாலடி தள்ளி நிற்கும் பழக்கம் நம் தெருக்களில் இன்னும் போகவில்லை. தொழுநோயில் இருந்து மீண்டவர் பக்கத்தில் உட்காரவும், எச்ஐவி உள்ளவர் கையைப் பிடித்து நலம் விசாரிக்கவும் இளவரசியாகப் பிறக்க வேண்டியதும் இல்லை, இளவரசரைக் கட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை. டயானாவைப் பிடிக்கும் என்று சொல்கிற ஒவ்வொருவரும் இதை இன்றே செய்யலாம்!