மண்ணிடம் அடகில் இருக்கும் நஞ்சு

டிசம்பர் 5 உலக மண் நாள். மண் என்றதும் கடலூர்க்காரர்களுக்கு உப்பனாற்றங்கரைத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். ஆற்றில் என்ன கலக்கிறது, காற்றில் என்ன வீசுகிறது என்று பக்கத்து ஊர்களான குடிகாடும் ஈச்சங்காடும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டன. கலந்ததெல்லாம் எங்கே போய்த் தங்குகிறது என்பதைத்தான் நாம் பேசவில்லை. பூச்சிக்கொல்லியாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். ஈயமும் காட்மியமும் தனிமங்கள், அவை சிதைவதில்லை.

அவற்றை இழுத்துப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு மட்குக்கு உண்டு. சாணமும் சருகும் வேரும் நுண்ணுயிர்கள் தின்றதுபோக எஞ்சும் கறுப்புப் பொருள் அது. அதிலுள்ள கார்பாக்சில், பீனால் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. உலோக அயனிகளோ நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. ஈயமும் தாமிரமும் இறுக ஒட்டுகின்றன. பாதரசம் மட்கில் கந்தகம் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கிறது. காட்மியத்தின் பிடி மட்டும் சற்றுத் தளர்வு. டி.டி.டி. போல நீரில் கரையாத மருந்துகளும் மட்குக்குள்தான் ஒதுங்குகின்றன.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் களிமண். மட்கு குறைந்தாலும் உலோகத்தைப் பிடிக்கக் களி இருக்கிறது. கடலூர்க் கரையோரத்து மணலில் அதுவும் இல்லை. பண்ருட்டிச் செம்மண்ணில் களி உண்டு என்றாலும், அந்த வகைக் களியைவிட எடைக்கு எடை பத்து மடங்குக்கு மேல் பிடிக்கும் திறன் மட்குக்கு. எங்கே மட்கு மிக அவசியமோ, அங்கேதான் அது மிகக் குறைவு.

மட்கு நஞ்சை அழிப்பதில்லை. அடகு வாங்கி வைத்திருக்கிறது. அடகுப் பொருள் என்றைக்கானாலும் வெளியே வரும். மண் புளித்து அமிலமானால் உலோகம் கழன்றுவிடும். கடல்நீர் உள்ளே ஏறினால் உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தைத் தன்னோடு இழுத்துப் போகும். எல்லாவற்றையும்விட, மட்கே கரைந்துபோனால்? அடகுக்கடையையே மூடிவிட்டால் பொருள் யாரிடம் இருக்கும்? நெல்லில் காட்மியம் ஏறினால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரை எலும்பு நொறுங்கிக் கற்றுக்கொண்டது. அங்கு வந்த ‘இத்தாய் இத்தாய்’ நோயை மாசினால் வந்தது என்று அந்நாட்டு அரசு 1968இல் ஒப்புக்கொண்டது.

நம் வெயிலில் மட்கு வேகமாகக் கரையும். போட்டுக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். முன்பு அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போடுவார்கள். தொழுவத்தில் எரு குவிந்திருக்கும். இன்று மாடு குறைந்துவிட்டது. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்பது பரிந்துரை. அவ்வளவுக்கு எங்கே போவது?

வைக்கோலாவது மிஞ்சுகிறதா? அறுவடை இயந்திரம் வயலைவிட்டு ஏறியதும் கட்டு கட்டும் இயந்திரம் இறங்குகிறது. உருண்டை உருண்டையாக வைக்கோல் லாரியேறி வெளியூர் போகிறது. ஏக்கருக்கு 2 டன் என்று வைத்தால், அதில் ஏறத்தாழ 800 கிலோ கரிமம். அதில் சிறு பங்குதான் மட்காக நிலைக்கும். அந்தச் சிறு பங்கும் இப்போது லாரியோடு போய்விடுகிறது. கைக்கு வரும் காசை விவசாயி வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விலையில் மண்ணின் பங்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம் மட்குக்குப் பதிலாகக் கடைக்குப் போய் ஹியூமிக் அமிலம் வாங்குகிறோம். அது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கப்படுவது. நெய்வேலி மண்ணுக்கடியில் கிடக்கும் அதே கரி. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய காட்டின் மட்கை லிட்டர் கணக்கில் வாங்கிக்கொண்டு, இந்த ஆண்டு மட்கை டன் கணக்கில் விற்கிறோம். வேர் பிடிக்க அந்தப் பாட்டில் உதவலாம். நிலத்தின் பிடியை அது மீட்டுத் தராது.

‘முதலில் கழிவை நிறுத்துங்கள், அப்புறம் சாணத்தைப் பேசலாம்’ என்பார்கள் சிலர். நியாயம்தான். ஆனால் ஏற்கெனவே மண்ணில் இறங்கியதற்கு அது பதில் ஆகாது.

செய்ய வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாநில அரசின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 2024இல் பசுந்தாள் உரத்தை மறுபடி பேச்சுக்குக் கொண்டுவந்தது. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்குத் தீனி. வைக்கோலிலும் கால் பங்காவது வயலில் கிடக்கட்டும்.

அடுத்து, மண்வள அட்டை. அதில் 12 அளவுகள் இருக்கின்றன; அங்ககக் கரிமமும் உண்டு. ஈயம், காட்மியம், பாதரசம் இல்லை. உப்பனாற்றங்கரை ஊர்களுக்கு மட்டுமாவது இந்த மூன்றையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். கரிம அளவுக்குப் பக்கத்திலேயே அவற்றையும் அச்சிட்டுக் கொடுத்தால், வைக்கோலை என்ன விலைக்கு விற்கிறோம் என்பது விவசாயிக்கே தெரிந்துவிடும்.