சிப்பிப்பாறைக்கு எவ்வளவு சோறு?

சிப்பிப்பாறை நாயை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இதுக்குச் சோறு போடுறீங்களா, இல்லையா?" வயிறு ஒட்டி, இடுப்பு ஒடுங்கி, கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தோலுக்கடியில் தெரிய நிற்கும் நாய் அது. பட்டினியால் வந்த மெலிவல்ல, உடல்வாகே அப்படி. தென் மாவட்டத்துக் கரிசல் காடுகளில் முயலைக் கண்ணால் கண்டு, விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். கன்னி என்னும் நாய் இனமும் அப்படித்தான். ஊரார் கேள்விக்கு அஞ்சி வட்டில் நிறையச் சோற்றைக் கொட்டுவதுதான், நகரத்துக்கு வந்த இந்த நாய்களுக்கு நேரும் முதல் கெடுதல்.

'ஓடுற ஜாதி, நிறையத் தின்னணும்' என்பார்கள். எல்லா ஓட்டமும் ஒன்றல்ல. அலாஸ்காவில் ஆண்டுதோறும் நடக்கும் இடிடராட் பந்தயத்தில், பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு நோம் நகரம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடுகின்றன நாய்கள். ஒவ்வொன்றும் 20 முதல் 25 கிலோதான் இருக்கும். ஆனால் பந்தய நாட்களில் ஒரு நாளைக்கு 10,000 கலோரிக்கு மேல் எரிக்கும். கொழுப்பு மிகுந்த இறைச்சி இல்லாமல் அது நடக்காது. ஒரு கிராம் புரதமோ மாவுச்சத்தோ நாய்க்குத் தருவது சுமார் 3.5 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 8.5 கலோரி தரும். மணிக்கணக்காக ஒரே சீராக ஓடும் தசைக்கு அதுவே ஏற்ற எரிபொருள்.

சிப்பிப்பாறையும் எடையில் அவற்றுக்கு வெகு தூரமில்லை. ஓட்டம்தான் வேறு. உயிரைக் கொடுத்து ஒரு பாய்ச்சல், அது முடிந்தால் நிழல் தேடிப் படுத்துவிடும். இந்தக் குறுகிய வேகத்துக்குத் தசை நம்பியிருப்பது, மாவுச்சத்திலிருந்து சேமித்து வைக்கும் கிளைக்கோஜனை. எனவே, 'ஆக்டிவ்' என்று அச்சிட்ட நாய் உணவுப் பாக்கெட்டைப் பார்த்ததும் அதில் உள்ள கூடுதல் கொழுப்பு நம் நாய்க்கும் வேண்டும் என்று முடிவுகட்டத் தேவையில்லை. இனத்தின் பெயரை விட்டுவிட்டு, இன்று இந்த நாய் எவ்வளவு ஓடியது என்று பார்ப்பதே சரியான தொடக்கம். முயல் வேட்டை சட்டப்படி குற்றமாகிவிட்ட காலம் இது. மூன்றாம் மாடி வீட்டில் சோபாவில் படுத்திருக்கும் கன்னிக்கு, வேட்டைக்குப் போன அதன் பாட்டன் தின்ற அளவு ஆகாது.

அந்தப் பாட்டன் தின்றது என்ன? வீட்டில் இருந்த கம்பங்கூழ், சோளச்சோறு, மோர். வேட்டையில் கிடைத்தால் அதில் ஒரு பங்கு. நாய் ஓநாய் வழி வந்தது, தானியம் ஆகாது என்று இன்று அடித்துச் சொல்பவர்கள் 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வைப் பார்க்க வேண்டும். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைத் தரும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிதான் இருக்கிறது. நாய்களிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரை காணப்பட்டன. மனிதனோடு வாழ்ந்த காலத்தில் நாயின் வயிறே மாறியிருக்கிறது. நன்றாக வேகவைத்த தானியம் நாய்க்கு ஒத்துக்கொள்ளும்.

ஆனால் தானியம் மட்டும் போதாது. நம் வீடுகளில் நாய்க்கென்று வைக்கும் தயிர்சோற்றையே எடுத்துக்கொள்வோம். 18 கிலோ எடையுள்ள, ஓரளவு நடக்கிற சிப்பிப்பாறைக்கு ஒரு நாளைக்கு 1,000 கலோரி போலத் தேவைப்படும். 100 கிராம் சாதத்தில் 130 கலோரி, 2.7 கிராம் புரதம். சாதத்தாலேயே 1,000 கலோரியை நிரப்பினால் முக்கால் கிலோ சாதம் போட வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் 20 கிராம் சொச்சம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்கோ, வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. பாதிகூட வரவில்லை. ஒரு கரண்டித் தயிர் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. வயிறு நிறைந்திருக்கும், முதுகிலும் தொடையிலும் சதை கரையும், முடி உதிரும், தோல் வறளும்.

அதே சட்டியில் சாதத்தை 350 கிராமாகக் குறைத்து, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி 150 கிராம், அவித்த முட்டை ஒன்று, கொஞ்சம் பூசணிக்காய், இரண்டு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பாருங்கள். கலோரி 900ஐ ஒட்டி நிற்கும். புரதம் 60 கிராமுக்கு ஏறிவிடும். இன்னும் ஒரு குறை உண்டு: சுண்ணாம்புச்சத்து. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. கறியை மட்டுமே தின்று வளரும் குட்டியின் உடல், ரத்தத்தில் குறையும் கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். கால் வளையும், சின்னக் குதிப்பிலேயே எலும்பு முறியும். நீண்டு மெலிந்த காலுள்ள இந்த இனங்களுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. வளர்ந்த நாயாக இருந்தால், கழுவிக் காயவைத்து மாவாகப் பொடித்த முட்டை ஓடு அரைத் தேக்கரண்டி, மேலே சொன்ன சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் ஈடுகட்டும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி போன்றவற்றுக்குக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சத்துப்பொடி சேர்ப்பதே நல்லது. குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் ஆபத்து; அங்கே கைக்கணக்கு வேண்டாம்.

சமைக்க நேரமில்லாதவர்கள் பாக்கெட் உணவு வாங்குவதில் குற்றமில்லை. முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். எந்த வயது நாய்க்கு முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருக்க வேண்டும். 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்பதும் முக்கியம். பெரும்பாலான உலர் உணவுகளில் 350 முதல் 400 வரை இருக்கும். 18 கிலோ நாய்க்கு 250 முதல் 285 கிராமிலேயே நாள் கணக்கு முடிந்துவிடும். டம்ளரால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அளவு சரிதானா என்பதற்கு நாயின் உடம்பே சாட்சி. உங்கள் கையை விரித்துப் புறங்கையில் தடவுங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தட்டுப்படும். நாயின் விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் சரி. மூடிய முட்டிபோல் எலும்பு துருத்தினால் மெலிவு, உள்ளங்கை மேடுபோல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு. லாப்ரடார் நாய்களை வைத்து நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், கூடப் பிறந்தவற்றைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன. மூட்டுவலியும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

நெஞ்சுக்கூடு ஆழமான நாய் என்பதால் ஒரே வேளையில் மொத்தத்தையும் போடாதீர்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் இந்த உடல்வாகுக்கு எளிதில் வரும்; சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். காலையும் இரவும் இரண்டாகப் பிரித்து, ஓடி வந்து மூச்சு அடங்கிய பிறகு வைக்கலாம். தின்றவுடன் ஓட விடக்கூடாது. குழம்பில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வீட்டுச் சாப்பாட்டில் மிஞ்சியதை நாய்க்கு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், நாய்க்கான பங்கைத் தாளிப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.